மீதி மருந்து

"மீதி மருந்தை அழிக்காம வைக்கச் சொன்னது யாரும்மா?"

ஸ்டூலைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரி மூன்றாம் முறையாகக் கேட்டார்.

"யாரும் சொல்லலைங்க ஐயா. நானாத்தான் மூடி வச்சேன்."

இரு கைகளிலும் தோள்வரை கட்டுப் போட்டிருந்தவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"பட்டாசு ஆலையில பன்னிரண்டு வருஷ வேலை. கலந்த மருந்தை ராத்தங்க விடக் கூடாது, ஈரம் பட்டா அலுமினியப் பொடி தானா சூடேறும்னு தெரியாதா?"

"தெரியும்க. மழை பிடிச்சுக்கிச்சு. வெளியில கொண்டுபோய் எரிக்க முடியலை."

"அதுக்கு? மூடி வச்சா நெருப்பு தூங்கிடுமா?"



கால்மாட்டில் நின்ற கணவனுக்கு உடம்பு கூசியது. கலவை அறைக்கு அவன்தான் மேஸ்திரி. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு நாள் பொறுப்பை மனைவியிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். மறுநாள் காலை அறைக் கதவைத் திறந்த, மருந்து சலிக்கும் சல்லடைக்காரர் வெடித்ததில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பின்னால் நின்றவளுக்குக் கடவுள் உயிரை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார், மருந்தை நம்பாதே, அன்னன்னைக்கே சாம்பலாக்கிடுன்னு. காதுல வாங்கினாத்தானே! அந்த மனுஷன் வீட்டு வாசலை இனி எந்த மூஞ்சியோட மிதிப்பேன்?"

"இவங்களால கையெழுத்துப் போட முடியாது. வாக்குமூலத்துக்கு நீங்க சாட்சி போடுங்க."

காகிதம் கிழியும்படி அழுத்திக் கையெழுத்திட்டான். அதிகாரி எழுந்து போனார்.

"ஜெயிலுக்குப் போகப்போறே. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதாடி?"

அவள் வாசல் பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"மெல்லப் பேசுங்க. ஆபீஸ் போன்லேர்ந்து கேட்டேனே, 'மீதி மருந்தை என்ன பண்ண?'ன்னு. 'மூடி வை, காலையில பாத்துக்கலாம்'னு நீங்கதானே சொன்னீங்க? பிள்ளைக்கு நம்மள்ல ஒருத்தராவது வீட்டுல இருக்கணும். வெளியில சொல்லிடாதீங்க."

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "ஐயா, நில்லுங்க! சொன்னது நான்தான்!" என்று கத்திக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினான்.

அந்த போன் வந்தபோது அவன் கையில் இருந்தது, குழந்தைக்குக் கொடுத்தது போக பாட்டிலில் மீதமிருந்த காய்ச்சல் மருந்து.