ரோசா அக்கா மீன் ஊறுகாய்

"நில்லுங்க அண்ணி. கையை அப்படியே வச்சிக்குங்க" என்றாள் லினெட். என் தம்பி மனைவி.

கை நிறைய மிளகாய்த்தூளோடு சட்டிக்கு மேலே நின்றேன். அவள் தராசை என் கைக்குக் கீழே நகர்த்தினாள்.

"இப்பப் போடுங்க."

போட்டேன். நாற்பத்தோரு கிராம். எழுதிக்கொண்டாள்.

மூன்று நாளாக இதே கூத்து. இருபத்திரண்டு வருஷமாக மீன் ஊறுகாய் போடுகிறேன், ஒரு நாளும் எதையும் நிறுத்துப் பார்த்ததில்லை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து வந்த வஞ்சிரத்தைப் பார்த்ததும் இன்றைக்கு எவ்வளவு என்று கைக்கே தெரிந்துவிடும்.

பிரான்சில் அதெல்லாம் செல்லாதாம். எது எத்தனை கிராம் என்று காட்டாவிட்டால் கடை போடவே விடமாட்டார்களாம். தம்பி ஜோசப் ஆனந்த் சொன்னான். சரி, அந்த ஊர் வழக்கம் அது, நமக்கென்ன என்று நானும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆமாம், ஊறுகாய்த் தொழிலோடு குடும்பமே போகிறோம். லினெட்டின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவளுக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை. தம்பிக்குப் போன மாசமே விசா வந்துவிட்டது. கல்யாணமாகாத நாத்தனாரான எனக்குத் தனி தொசியே போட வேண்டுமாம். தொசியே என்றால் வேறொன்றுமில்லை, காகிதக் கட்டுதான். இந்த ஊரில் பாதிப் பேர் ஆயுசு அதில்தான் போகிறது.

"வந்துரும்க்கா. நீ இல்லாம எனக்கு அங்க என்னா தொழிலு?" நேற்றும் சொன்னான்.

நம்பினேன். எங்கள் நெல்லித்தோப்பு முழுக்கச் சொல்லியாயிற்று. வாடகை வீடு, மாசக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். என் கட்டிலை அடுத்த வீட்டுத் துர்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாயில் படுக்கிறேன். ஸ்வெட்டர் இரண்டு வாங்கினேன். ஒரு மத்தியானம் போட்டுப் பார்த்து, வேர்த்துக் கொட்டி, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

விசாவுக்குப் படம் எடுக்கத் தம்பிதான் கூட்டிப்போனான். கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னான். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விசா படத்தில் பல் தெரியக்கூடாது. பாண்டிச்சேரியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

"அக்கா, கொஞ்சம் சிரி" என்றான் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"சிரிக்கக் கூடாதேடா."

"இப்ப ரூலை மாத்திட்டாங்கக்கா."

சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

சட்டியில் போட இனி வெந்தயம்தான் பாக்கி. வறுத்துப் பொடித்தது. என் ஊறுகாயின் சூட்சுமமே அதுதான்: கொஞ்சம் கூடினால் கசந்துவிடும், குறைந்தால் மீன் வாடை மேலே வந்துவிடும். கையில் அள்ளினேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிச் சத்தம். தட்டாஞ்சாவடி அச்சகத்திலிருந்து ஊறுகாய் பாட்டிலுக்கான லேபிள் வந்திருந்தது. ஆள் பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தான். கையெழுத்துப் போட லினெட் அவனோடு வாசலுக்குப் போனாள்.

உள்ளே இருப்பது என்னவென்று தெரிவதற்காகப் பெட்டி மேலேயே ஒரு லேபிளை ஒட்டியிருந்தார்கள்.

அதில் நான்.

கிறிஸ்துமஸ் புடவை. பல் தெரியச் சிரிப்பு.

அடேங்கப்பா! என் மூஞ்சியைப் போட்டிருக்கிறானே பயல்! சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. என்னிடம் காட்டாமல் வைத்திருந்து அசத்தலாம் என்று நினைத்திருப்பான்.

படத்துக்குக் கீழே பிரெஞ்சில் ஒரு வரி இருந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் பிரெஞ்சு படித்தவள் நான். தம்பி அதை மறந்திருப்பான். எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

'பாண்டிச்சேரியிலேயே தங்கிவிட்ட எங்கள் அக்காவின் கைப்பக்குவம்.'

இன்னொரு தடவை வாசித்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சுக்குக் கொடுத்த தேதி. நான் ஸ்டுடியோவில் சிரித்த அதே வாரம்.

தொசியேவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாவி, இதுக்காடா சிரிக்கச் சொன்னே? கூடப் பிறந்தவளையே நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாயே.

லினெட் உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தராசை என் கைக்குக் கீழே நகர்த்தினாள்.

"வெந்தயம் ஒண்ணுதான் அண்ணி. போட்டுட்டீங்கன்னா முடிஞ்சிடும்."

கையிலிருந்ததைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடியை அழுத்தினேன்.

"இது கைப்பக்குவம், லினெட்டு. அது பாண்டிச்சேரியிலேயே தங்கிடுச்சுன்னு நீங்களே அச்சடிச்சிட்டீங்களே."

அடுப்பை அணைத்தேன். கையைக் கூடக் கழுவாமல், கட்டிலைத் திருப்பிக் கேட்கத் துர்கா வீட்டுக்கு நடந்தேன்.

அவள் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகுதான் உறைத்தது. கட்டிலை வாங்கிக்கொண்டு போய் எந்த வீட்டில் போடுவேன்?