ஓசூரிலிருந்து ஒரு பார்வையாளர்

முதலாளி கண்ணுச்சாமி, விற்பனை பார்க்கும் மாரீஸ்வரன், கணக்கு எழுதும் பானுப்பிரியா, பயிற்சி கொடுக்க வந்த எழில் ஆகிய நால்வர்தான் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி அறையில் இருந்தார்கள்.

வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் காட்டும் புதிய கருவிக்கு மாறும் நாள் அது.

“பழசுல இந்த ஓசூர் ஆளைப் பாருங்க. ரெண்டு வருசமா தினமும் வந்து அய்யா போட்டோவை மட்டும் பாத்திருக்காக” என்றாள் எழில்.

“விலைப்பட்டியலை விட்டுட்டு அய்யா மீசையையா?” மாரீஸ்வரன் சிரித்தான்.

“மார்ச் ஒம்பதோட நின்னுருச்சு. புதுக் கருவிக்கு இந்தப் பழைய பதிவு வராது. அழிச்சிரலாமா?”

“அழிக்காதீக” என்றார் கண்ணுச்சாமி.

வேறு சாதியில் கட்டிக்கொண்டு ஓசூர் போன மகள் அருணாதேவி மார்ச் பத்தாம் தேதி இறந்தாள். அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அவர் போகவில்லை. அப்பனை அவள் அடியோடு மறந்துவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு, கிளப்பியவர் அவரேதான்.

அது பொய்.