பிரார்த்தனை நேரத்து பஸ்

“நெட்டையைப் பரீட்சைக்கு அனுப்புறதா, வீட்டுக்கு அனுப்புறதா? நாளைக்குள்ள நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க” என்றார் கல்லூரி முதல்வர் அம்மா.

துணை முதல்வர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் ‘மேடம்’. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சின்ன சமயக் கல்லூரி. பெண்கள் மட்டும். எல்லோரும் விடுதியில்தான். சேருகிறவர்களில் பாதிப் பேராவது பட்டம் வாங்காவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்று மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அன்றிலிருந்து மேடத்துக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருடம் வரை பெண்கள் பாதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். இந்த வருடம் முதல்வர் அம்மா காலைப் பிரார்த்தனையைக் கட்டாயமாக்கினார். வராதவர்களுக்குப் பரீட்சை கிடையாது. அதிசயமாக, ஓடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

“எல்லாம் பிரார்த்தனையோட மகிமை” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிப் பூரித்தார்.

அந்த மகிமைக்கு மசியாதவள், உயரத்தால் ‘நெட்டை’ என்று பெயர் வாங்கிய அந்த ஒருத்திதான். கடைசி வருடம். நன்றாகப் படிப்பாள். ஆனால் பிரார்த்தனை மணி அடித்தால் ஆள் இருக்க மாட்டாள்.

மேடம் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“அந்த நேரத்துல எங்கதான் போற?”

நெட்டை துப்பட்டா நுனியைத் திருகினாள்.

“தூங்கிடுறியா?”

“இல்ல மேடம்.”

“யார்கூடயாவது போன்ல பேசப் போறியா?”

“அதெல்லாம் இல்ல மேடம்.”

“அப்புறம் என்ன?”

“சொன்னா வேற யாராவது மாட்டுவாங்க மேடம். வேண்டாம்.”

மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “கரை சேர்ற நேரத்துல இப்படிப் பண்றியே. ஒண்ணைக் கையில எடுத்தா கடைசி வரைக்கும் நிக்கணும்மா. பாதியில விட்டுட்டுப் போறவங்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. நாளைக்கு நீ பிரார்த்தனைக்கு வரலைன்னா உனக்குப் பரீட்சை இல்ல. அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

“சரி மேடம்” என்று போய்விட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லையே என்பது மேடத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை மணி அடித்தது. மொத்தக் கல்லூரியும், வாட்ச்மேன் உட்பட, பிரார்த்தனைக் கூடத்துக்குள் போயிற்று.

மேடம் போகவில்லை. பின்பக்க கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து தெருவுக்கு வந்தார். தோளில் பெரிய பை, அதற்குள் சான்றிதழ்கள். வேறொரு பெரிய கல்லூரியில் அவருக்கு நேர்முகத் தேர்வு. போன வாரமே கூப்பிட்டிருந்தார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. என்றைக்கு இழுத்து மூடுவார்களோ என்ற பயத்தோடு எத்தனை நாள்தான் காலம் தள்ளுவது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் உயரமான ஒரு முதுகு தெரிந்தது. நெட்டை.

பக்கத்தில் முதல் வருடப் பெண் ஒருத்தி, பெட்டியோடு, அழுதுகொண்டு.

‘தான் கெட்டது போதாதென்று இன்னொருத்தியையும் இழுத்துக்கொண்டு போகிறாளா?’ மேடம் ஓரடி முன்னால் வைத்தார். கையும் களவுமாகப் பிடிக்கலாம்தான். ஆனால் தோளில் பை கனத்தது. நிழற்குடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்.

“உக்காரு. இது போனா அடுத்த பஸ் இருக்கு” என்றாள் நெட்டை. “என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லு.”

“முடியலக்கா. வகுப்புல ஒண்ணும் புரியல. வாயைத் திறந்தா சிரிக்கிறாங்க.”

“எனக்கும் முதல் வருஷம் புரியல. இதே பெஞ்சுல பெட்டியோட உக்காந்திருந்தேன். பஸ் லேட்டா வந்துச்சு, அதனால தப்பிச்சேன். சாயங்காலம் என் ரூமுக்கு வா, சேர்ந்து படிப்போம். அப்பவும் முடியலைன்னா நானே வந்து பஸ் ஏத்தி விடுறேன்.”

பஸ் வந்தது. நின்றது. போனது. முதல் வருடப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிப் பக்கம் திரும்பி நடந்தாள்.

மேடமும் அந்த பஸ்ஸில்தான் ஏறியிருக்க வேண்டும். கால் நகரவில்லை.

மெதுவாக முன்னால் வந்தார். “தினமும் இதுதானா?”

நெட்டை திடுக்கிட்டு எழுந்தாள். “பிரார்த்தனை நேரத்துலதான் மேடம் எல்லாரும் ஓடுவாங்க. கேட்டுல அப்ப ஆள் இருக்காதுல்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா கேட்டைப் பூட்டிடுவீங்க. அப்புறம் சுவரேறிக் குதிப்பாங்க. இங்கேன்னா உக்காந்து பேசவாவது முடியுது.”

“உன் பரீட்சை என்ன ஆகும்னு யோசிச்சியா?”

“பயமாத்தான் இருக்கு மேடம். மூணு வருஷம் வீணாயிடுமோன்னு நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல. ஆனா மணி அடிச்சா கால் இங்கதான் வருது.”

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் நெட்டையின் பார்வை அவர் தோளுக்குப் போயிற்று. பெரிய பை. அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சான்றிதழ் ஃபைல்.

மேடம் பையைச் சட்டென்று முதுகுப் பக்கம் தள்ளினார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

நெட்டை சிரிக்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க மேடம். அடுத்த பஸ் இருக்கு. என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லுங்க.”