கடைசி போல்ட்

கிழட்டு டிராக்டரின் விலாவில் மாட்டுவதற்காக, புல் வெட்டும் கத்திச் சட்டத்தின் கனத்த முனையை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்து நிற்கிறான் வீட்டோடு மாப்பிள்ளை. அதைத் தாங்கவேண்டிய கடைசி போல்ட் இன்னும் ஏறவில்லை. கிரீஸ் முழங்கை வரை வழிகிறது. பளபளக்கும் ஷூவைச் சட்டத்துக்கு நேர்கீழே ஊன்றி, அழுக்குப்படாத விரல்களில் ஸ்பேனரை ஏந்தியபடி மாமனார் படத்துக்கு நிற்கிறார். "எங்க தாத்தா காலத்து மெஷின். தனி ஆளா நானே மாட்டினேன்." எட்டு வருடமாக அந்த 'நானே'வைக் கேட்டுவருகிறான் மாப்பிள்ளை. போனைப் பிடித்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் தயங்குகிறார். "படத்துல மாப்பிள்ளை கையும் விழுதே." "கையை எடுங்க மாப்பிள்ளை." "மாமா, போல்ட்டு இன்னும்..." "எனக்கே பாடமா? எடுங்கன்னா எடுங்க." மாப்பிள்ளை குனிந்து பார்க்கிறான். ஷூவின் மூக்கில் வெயில் அழகாக மின்னுகிறது. "சரிங்க மாமா," என்று பணிவாகக் கையை எடுக்கிறான்.