ஹெல்மெட்டுக்குள் ஒரு கொண்டை

காலை வெயில் கண்ணாடியில் பட்டு அறையெங்கும் துள்ளுகிறது. இன்ஜினியர் அக்கா வடிவமைத்த பாலத்தின் இரு பாதிகளும் இன்று நடு ஆற்றில் இணைகின்றன; அமைச்சர் முன்னால், பாலத்தின் மேலேயே அவள் பேச வேண்டும். தங்கை அவள் உச்சந்தலையில் கோபுரம் போலக் கொண்டை எழுப்பிவிட்டு, "மகாராணி மாதிரி இருக்கே," என்கிறாள். அக்கா மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைக்கிறாள். அது கொண்டைமேல் தள்ளாடுகிறது. "இது இல்லாம யாரும் ஏறக்கூடாதுடி. ரூல் போட்டதே நான்தான்." வயிறு வலிக்கச் சிரித்தபடியே தங்கை கொண்டையைப் பிரித்து, ஈரச் சீப்பால் படிய வாரி, பிடரியில் இறுக்கி முடிகிறாள். ஹெல்மெட் கச்சிதமாக உட்காருகிறது. அக்கா குதிக்கிறாள், தலையை உலுக்குகிறாள், கழற்றுகிறாள். ஒரு முடிகூடக் கலையவில்லை. "உன் பாலம் இவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்குமா?" அக்கா இன்னொரு ஹெல்மெட்டைத் தங்கையின் தலையில் கவிழ்க்கிறாள். "வா, முதல் ஆளா நீயே நடந்து பாரு."