மக்னீசியம் இறங்கும் வீடு

கடைசித் துளி விழுந்ததும் குப்பியிலிருந்த தொட்டித் தண்ணீரின் இளஞ்சிவப்பு நீலமாக மாறியது. ஸ்டெனி ஊசிக்குழாயைத் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தான்.

மக்னீசியம் ஆயிரத்து நூற்றியெண்பது. போன சனிக்கிழமையைவிட இறங்கியிருந்தது.

ஆயிரத்து முந்நூற்றுக்குக் கீழே போகவே கூடாது. மக்னீசியம் குறைந்தால் பவளம் வளராது. கத்தாரிலிருந்து திரும்பிய பிறகு அவன் ஆசையாய் வளர்த்ததெல்லாம் அந்தக் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டிக்குள்தான் இருந்தது. பவளத்தின் நுனியெல்லாம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

மக்னீசிய மருந்தை ஊற்ற ஊற்ற அளவு இறங்குகிறது. உப்பு மீட்டர் மட்டும் சரியாகக் காட்டுகிறது. அப்படியென்றால் யாரோ நல்ல தண்ணீரையும் சமையல் உப்பையும் கொண்டுவந்து கலக்குகிறார்கள். சமையல் உப்பில் மக்னீசியம் ஏது?

யாரோ என்ன யாரோ! வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

வாசல்நிலையில் ஜினிஷா நின்றாள். கட்டிய பெண்டாட்டிதான். ஈஸ்டர் அன்று மீன்குழம்பில் உப்பில்லை என்று அவன் தட்டைத் தூக்கி எறிந்தான். அக்கா வீட்டில் போய்த் தின்னுங்கள் என்று அவளும் வாய்விட்டாள். அன்று போனவன்தான். மூன்று வேளையும் அக்கா சகாயசெல்வி வீட்டில் சாப்பாடு. இங்கே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படுவதில்லை. இனயம் கடற்கரையே சிரிப்பாய்ச் சிரித்தது.

அந்த ஆத்திரத்தை வாயில்லாச் சீவன்மேல் தீர்க்கிறாள், பாதகத்தி.

"தொட்டியில என்னத்தட்டி போடுக? எல்லாத்தையும் கொல்லவா?"



இன்னொரு வார்த்தை பேசினால் கை நீண்டுவிடும் போலிருந்தது. முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறுநுனியை வாயில் வைத்து உறிஞ்சினான். சனிக்கிழமைதோறும் செய்வதுதான். தண்ணீர் வாய்க்கு வந்ததும் குழாயை வாளிக்குள் போட்டுவிட்டுத் துப்பிவிடுவான்.

அவன் வாய் நிறைந்தபோதுதான் அவள் பேசினாள்.

"மந்திரிச்ச உப்பும் தீர்த்தமும். சோத்துல போட்டுக் குடுத்தா உங்களுக்க மனசு மாறும்னு கோயில்ல பங்குச்சாமி தந்தது. எனக்க கையால நீங்க ஒண்ணும் தொடமாட்டியளே. இந்த வீட்டுல உங்களுக்க வாயில போறது இந்தத் தண்ணி மட்டுந்தான்."

வாளி காலடியிலேயே இருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் அதில் சளசளவென்று விழுந்துகொண்டிருந்தது.

அவனுக்குக் கோபம் இம்மியும் தணியவில்லை. குனிந்து துப்பத்தான் நினைத்தான்.

விழுங்கிவிட்டான்.

அதை அவள் பார்த்துவிட்டாள். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.