படி வளைவு

இந்த வளைவில் பீரோவை நிமிர்த்திக் கொண்டுபோக முடியாது, சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று அவன் தோள் சொன்னது.

கண் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்கு அந்த வீடு புதுசு.

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனான். விற்பனைக்கு வந்திருக்கும் வீடு. மாடிப்படி, முன்னறை, பின்முற்றம், மொட்டைமாடி. நாலே படம். சுவரெல்லாம் பால் மாதிரி வெள்ளை. முன்னறை பந்து விளையாடலாம் போல அகலம். முற்றத்தில் வெயில் கொட்டிக் கிடந்தது.

"இங்க எங்கயோ சாமான் ஏத்தியிருக்கேன் மாமா."

"நீ ஏத்தாத வீடு எது?" என்றான் டிரைவர். "ஊரான் வீட்டு பீரோவெல்லாம் தூக்குனவன், உனக்கொரு வீடு பாக்க இந்த முழி முழிக்கிறியே மாப்ள."

சொந்தமெல்லாம் இல்லை. இந்த லாரியில் ஏறின நாளிலிருந்து மாமா, மாப்பிள்ளை.

வீடு மாற்றுகிறவர்களின் சாமானை ஏற்றி இறக்குவது பிழைப்பு. இன்றைக்கு வந்த வீட்டில் சாமானை இன்னும் கட்டி முடிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் தேடல். அதுவும் டிரைவர் போனில். தன் போனில் தேடினால் அண்ணன் மகள் விளையாட எடுத்துப் பார்த்துவிடுவாள்.

அண்ணனுக்குத் தெரியக்கூடாது.

ஒரே வீடு, ஒரே சமையலறை. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் அவன். அவன் மனைவியும் அண்ணியும் இப்போது பேசிக்கொள்வதெல்லாம் பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில்தான். முன்பணம் கொடுத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள். அவனுக்கும் அதுதான் வசதி. அப்பா போன பிறகு சோறு போட்ட மனுஷன் முகத்துக்கு நேரே நின்று 'போறேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

படத்தை மறுபடி பெரிதாக்கினான். படி வளைவில் சுவர் முனை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது.

எந்த வீடு இது? கடையோடு சேர்ந்த அந்த வீடா? அதில் படி இடது பக்கம். டாக்டர் வீடா? அங்கே படிக்குக் கைப்பிடி உண்டு. முகவரியும் போடவில்லை. வரைபடத்தில் ஒரு நீல வட்டம், அதற்குள் பாதி ஊர். தோளுக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"படத்தை வெளுத்து, இழுத்து அகலமாக்கித்தான் போடுவானுங்க. நேர்ல போய்ப் பாத்தாத்தான் லட்சணம் தெரியும். குடு, நான் பேசுறேன்."

டிரைவர் போனைப் பிடுங்கினான். விளம்பரம் போட்ட இணையதளம் வீட்டுக்காரர் நம்பரைக் காட்டாது. தன் நம்பர் ஒன்றைக் காட்டும், அதில் கூப்பிட்டால் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரும். ஸ்பீக்கரைப் போட்டு ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தான்.

"வணக்கங்க. வீட்டு விஷயமாக் கூப்பிட்டோம்."

"சொல்லுங்க சார்."

அண்ணன் குரல்.

டிரைவர் அவன் அண்ணனைப் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. "இப்ப யாரு குடியிருக்கா?" என்று அவன் பாட்டுக்குக் கேட்டான்.

"நாங்கதான் சார். நானும் என் தம்பியும்."

தன் வீட்டு முற்றத்தில் இவ்வளவு வெயில் விழும் என்று அவனுக்குத் தெரியாது. விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவன். லீவு என்றால் குப்புற விழுந்து தூங்குகிறவன். அந்தச் சுவர் முனை அவன் கல்யாண பீரோ இடித்துப் பெயர்ந்தது. மேல்பக்கம் பிடித்திருந்த அண்ணன், 'சுவரு போனாப் போகுது, விரலப் பாருடா' என்று கத்தினார்.

"ரெண்டு பேரும் காலி பண்ணிக் குடுத்துருவீங்கள்ல?"

அண்ணன் குரல் தாழ்ந்தது.

"அவன் வேற வீடு தேடிட்டிருக்கான் சார். எங்கிட்ட வாயத் திறக்கல. பங்கு கேக்கவும் மாட்டான், கூச்சப்படுவான். அதான் நானே வித்து, பாதிய அவன் கையில குடுத்துரலாம்னு."

டிரைவர் போனைக் கையால் பொத்தினான். "தங்கமான ஆளுடா. எப்ப வர்றோம்னு நீயே சொல்லு."

கையை எடுத்தான். போனை அவன் வாய்க்கு நேரே நீட்டினான்.

அவன் வாயைத் திறந்தான். என்ன பேசினாலும், இருமினால்கூட, அண்ணனுக்குத் தெரிந்துவிடும்.

"ஹலோ... சார்?"

அண்ணன் அவனை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்.

"பீரோ ரெடி, வந்து தூக்குங்கப்பா" என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா குரல் கொடுத்தாள்.

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரியிலிருந்து இறங்கினான். டிரைவர் முறைத்துவிட்டு, "ராத்திரி வேலை முடிஞ்சு வரட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ராத்திரி வேண்டாம் சார்," என்றார் அண்ணன். "பகல்லயே வந்துருங்க. தம்பி வேலைக்குப் போயிருப்பான்."